வெற்றிலைக்கு அடியில் இருந்த இரண்டு வெள்ளி

1

தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் கடத்தூரிலும் என்னைப் பற்றி ஒரு நல்ல பேச்சு உலவுவதாக அறிகிறேன். பினாங்கில் இருக்கும் என் வீட்டில் நம் பக்கத்தார் யார் வந்து தங்கினாலும் உணவும் படுக்கையும் இலவசம் என்றும், புறப்படும்போது தாம்பூலத்தோடு இரண்டு வெள்ளியும் கொடுத்து நான் வழியனுப்புகிறேன் என்றும் சந்தைகளில் சொல்லிக்கொள்கிறார்களாம். இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்; வெள்ளிக்கு நூறு காசு. நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்.

அந்தப் பேச்சு தவறாகப் பிறந்தது. பிறந்த பின்னர் அதை நானே பணம் கொடுத்து வளர்த்தேன். இப்போது அதை நிறுத்துவதற்காக இதை எழுதுகிறேன். தன்னைப் பற்றிய நல்ல வார்த்தையை ஒருவன் தானே அச்சில் மறுப்பது வழக்கமன்று என்பதை நான் அறியாதவனல்லன்.

நான் இந்தத் துறைமுகத்தில் இறங்கி முப்பது ஆண்டுகள் நிறைந்த தினத்தில் ஒரு கடிதம் வந்தது. அன்று காலை என் மனைவி ராசம்மாள் பாயசம் வைத்திருந்தாள். சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் மகன் வாழ்த்து அனுப்பியிருந்தான். ஆங்கிலத்தில், அலுவலகக் கடிதத்தைப் போல, "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து. அதனோடு வந்த மற்றொரு உறையில் அதியமான்கோட்டையிலிருந்து என் சிற்றப்பா மகன் எழுதியிருந்தான்:

"அண்ணாவின் கொடைத்தன்மையை இங்கே பேசாதவர் இல்லை. நம் பெரியப்பாவே அங்கே இருப்பதைப் போல என்கிறார்கள். கடத்தூர்க் கந்தம்மாள் என்பவர் ஈப்போ பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் தன் மகனைப் பார்க்கத் தம்பியோடு அடுத்த கப்பலில் வருகிறார். அண்ணன் வீடு இருக்கும்போது வேறு இடம் எதற்கு என்று நான்தான் சொல்லி அனுப்புகிறேன்."

ராசம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் பாயசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

"ஏனுங்க, பதினோரு பேரு ஆச்சு. இதோட பதிமூணுங்களா? ஒரேயடியா தருமபுரியவே கப்பல்ல ஏத்திவிடச் சொல்லிருங்க."

அந்த வேளையில் மாடி அறையில், புதிதாகச் சாயம் பூசி எழுதிய ஒரு பலகை, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. அதை மாட்டுவதா, உடைத்து அடுப்பில் வைப்பதா என்று முடிவு செய்ய இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன.

2

நான் சேலத்துக் கல்லூரியில் எப்.ஏ. தேறியவன். இங்கே ஓர் ஆங்கிலக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவானேன். ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் கம்பெனி சுருங்கியது. என் கைக்கு வந்தவை ஒரு பாராட்டுக் கடிதமும் சில மாதச் சம்பளமும்தாம். குடியிருக்கும் வீடு என்னுடையதன்று. ஒரு சீன முதலாளியிடம் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மாடியில் மூன்று அறைகள் காலியாக இருந்தன.

கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு உள்நாட்டுக்குப் போகும்வரை ஓரிரு நாள் தலைசாய்க்க இடம் வேண்டும். ஊர் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் வரும்வரை இடம் வேண்டும். முதலில் வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர். என் நண்பருக்கு நண்பர். விருந்தினராகவே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் புறப்படும்போது, வாசலுக்கு அருகில் இருந்த பித்தளை வெற்றிலைத் தட்டில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து அதன்மேல் ஒரு வெற்றிலையைக் கவிழ்த்துவிட்டு, "குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்" என்றார். என் மகள் கமலத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது; பெண்கள் பள்ளியில் ஆசிரியை. ஆயினும் நான் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதுவே முறையாகிவிட்டது. நான் கேட்பதில்லை, வந்தவர்கள் வைப்பார்கள், வெற்றிலை மூடிக்கொள்ளும். அவர்கள் படியிறங்கிய பின் கமலம் தட்டைக் காலி செய்வாள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பதைக் கப்பல் துறையிலேயே காசிம் பாய் காதோடு சொல்லிவிடுவார். பயணிகளை வீட்டுக்கு அழைத்து வருபவர் அவரே. தலைக்குப் பத்துக் காசு அவருக்கு. வாடகை என்ற சொல் அந்நாட்களில் என் வீட்டில் ஒலித்ததில்லை. அதனால் நான் வாடகை வாங்குகிறவனல்லன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

செலவுகளோ வாய்விட்டுப் பேசுபவை. நாற்பது பக்கப் பேரேடுகளைப் பிழையின்றி எழுதியவன் நான். எனினும் இந்தத் தொழிலின் முதல் பாடத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. ஒருவர் மூன்று நாள் தங்கினால் ஒரு துப்பட்டி சலவைக்குப் போகும். மூவர் ஆளுக்கு ஒரு நாள் தங்கினால் மூன்று துப்பட்டிகள் போகும். வருமானம் ஒன்றுதான், சலவை மூன்று மடங்கு. செலவு தங்குவதில் இல்லை, வந்துபோவதில் இருக்கிறது. கப்பலில் ஏழு நாள் குமட்டியவர்கள் படுத்தெழுந்த தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைக்காரர் தனிக்கூலி கேட்பார். தண்ணீருக்கு மீட்டர், விளக்குக்கு மீட்டர். கப்பல் வரும் வாரத்தில் இரண்டு நாள் வீடு நிறையும். ஐந்து நாள் கட்டில்கள் வெறுமனே கிடக்கும். குத்தகைக்கு ஏழு நாளும் ஒன்றே.

அந்த ஐந்து நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாடிக்கு ஏறுவேன், கொசுவலைகளை இழுத்துப் பார்ப்பேன், இறங்குவேன். துறைமுகத்துக்கு நடந்து போய், வராத கப்பலைப் பார்த்துவிட்டு வருவேன். எதிரில் வருகிற பழைய கம்பெனி நண்பர்கள், "காலாற நடக்கிறீர்களா?" என்பார்கள். ஆமாம் என்பேன்.

3

என் தகப்பனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் சாலை அதியமான்கோட்டை வழியாகப் போகிறது. எங்கள் வீடு சாலைக்கு அடுத்தாற்போல் இருந்தது. புளியும் தானியமும் ஏற்றிய மாட்டு வண்டிகள் நின்று போகும். தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதமின்றி தகப்பனார் சோறு போடுவார். புறப்படும்போது இரு கைகளாலும் தாம்பூலத் தட்டை நீட்டுவார். வெற்றிலைக்கு அடியில் அரையணா இருக்கும், வழிச்செலவுக்கு. வாங்குகிறவர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டையும் எடுத்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் வசதியுள்ள வீடுகளில் இது முறை. வெறும் வெற்றிலையைக் கொடுப்பது 'வெளியே போ' என்று சொல்வதற்குச் சமம் என்பார் தகப்பனார்.

இவ்வளவுதான் இதுவரை நான் பிறரிடம் சொல்லி வந்தது. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரையணாக்கள் பல நாட்களில் மளிகைக் கடையில் கடனாகப் பெற்றவை. கடைக்காரருக்கு ஆண்டுக் கணக்குத் தீர்க்கும்போதெல்லாம் எங்கள் மேட்டுக் கொல்லை நிலத்தில் ஒரு துண்டு கைமாறும். நான் எப்.ஏ. தேறி வீடு திரும்பியபோது கொல்லை இல்லை. தாயார் என்னை அழைத்து, "இருக்கற வூட்டயும் வெத்தலைல வெச்சுக் குடுக்கறதுக்குள்ள நீ எங்கனா போயிப் பொழச்சுக்கடா" என்றார். கப்பலேறுவதற்காக மொரப்பூருக்குச் சின்ன ரயிலில் நான் ஏறியது அதன் பிறகுதான். உயர்கல்வியின் பயனாக வெளிநாடு சென்றேன் என்று இதே பத்திரிகையில் முன்பு எழுதியிருக்கிறேன். அதுவும் திருத்தப்பட வேண்டியதே.

4

ஏழு மாதங்களுக்கு முன் பாலக்கோட்டிலிருந்து ஒரு புளி வியாபாரி வந்தார். அவரை மாதையன் என்று அழைக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன், தேட வேண்டாம். இந்தப் பக்கம் புளி விலைபோகுமா என்று பார்க்க, கையில் ஒரு சிப்பம் மாதிரியோடு புறப்பட்டு வந்தவர். காசிம் பாய் மூலமாக வரவில்லை; என் பெயரை விசாரித்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். ஆகவே தட்டின் முறையை அவருக்குச் சொல்வார் இல்லை.

நான்கு நாள் இருந்தார். நல்ல மனிதர், வாய் ஓயாத மனிதர்.

"முப்பது வருசம் களியே திங்காம எப்புடிங்க இருக்கறீங்க? நானா இருந்தா மூணாம் நாளே கடல்ல குதிச்சு நீந்திருப்பனுங்க" என்பார். ராசம்மாள் சிரித்துச் சிரித்து இரண்டாம் முறை சோறு போடுவாள். கமலம் சலவைக் கணக்கை மலாய் மொழியில், சத்து, துவா, தீகா என்று எண்ணுவதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நம்ம பாசைல எண்ணுனா கொறைஞ்சு போயிருங்களா?" என்று கேட்டார். எனக்கு அது சுருக்கென்று பட்டது. என் பிள்ளைகளின் பேச்சில் நம் பக்கத்து 'ங்க' கழன்று போய் வெகு காலமாயிற்று. அவர் வாயில் அது எத்தனை முறை வருகிறது என்று நான் உள்ளூர எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவருக்குக் கப்பல். அதே கப்பலுக்குச் சற்று முன்னதாகப் புறப்பட்ட துணி வியாபாரி ஒருவர், மூன்று நாளைக்கு என்று இரண்டு வெள்ளி நோட்டுகளைத் தட்டில் வைத்து வெற்றிலையால் மூடிவிட்டுப் போயிருந்தார். கமலம் குளித்துக்கொண்டிருந்ததால் தட்டைக் காலி செய்யவில்லை. மாதையன் வாசலில் நின்றார். முறைப்படி வெற்றிலை கொடுக்க வேண்டுமே என்று, நான் தட்டை எடுத்து இரு கைகளாலும் நீட்டினேன். அடியில் இருந்ததை அந்தக் கணத்தில் மறந்தேன்.

அவர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெற்றிலையை எடுத்தார். நோட்டுகளைப் பார்த்தார்.

"அண்ணா! என்னங்க இது? அரையணா வெச்சா பத்தாதுங்களா?"

அவர் கண் கலங்கிவிட்டது. புளி விலைபோகாமல் வெறுங்கையோடு திரும்புகிற மனிதர். நான் வாயைத் திறந்தேன். மாடிப்படியில் ஈரத் தலையோடு கமலம் நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கட்டும். வழிச்செலவுக்கு ஆகும்" என்றேன்.

"ஊருக்குப் போயி சொல்றன் பாருங்க. கடல் தாண்டியும் நம்மூரு மனுசன் மாறலைன்னு சந்தை சந்தையாச் சொல்றன்."

அவர் தெருமுனை திரும்பினார். பிறகு கமலம் சொன்னாள்:

"அப்பா, அது நாலாவது கட்டில்காரரோட வாடகை."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் குடுத்தீங்க?"

"நான் கொடுக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டார்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

மாதையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த ஏழு மாதங்களில் நம் பக்கத்திலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். அவர்கள் காதில் எதையும் சொல்ல வேண்டாம் என்று காசிம் பாயிடம் நானே சொல்லிவைத்தேன். ஒவ்வொருவரும் புறப்படும்போது வாசலில் ஒரு நொடி நின்றார்கள். அந்த நொடியை என்னால் தாங்க முடியவில்லை. பதினோரு பேருக்கும் வெற்றிலைக்கு அடியில் இரண்டு வெள்ளி வைத்துக் கொடுத்தேன். பாதி கமலத்தின் சம்பளத்திலிருந்து வந்தது.

காசிம் பாய்க்கு இது புரியவில்லை. "ஐயா, ஊரெல்லாம் வந்தா தட்டுல வைக்கிறாங்க, உங்க ஊரு வந்தா எடுத்துட்டுப் போவுது. இது என்ன கணக்கு?" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக எண்ணி, "உங்க ஊர்க்காரங்க தலைக்கு மட்டும் எனக்குப் பத்துக் காசு வேணாம், விடுங்க" என்றார். ஏற்றுக்கொண்டேன். அன்று மாலைவரை நான் மாடியும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன்.

5

நகரசபையிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். தொப்பியைக் கழற்றி மரியாதையாக உட்கார்ந்தார். கட்டில்களை எண்ணினார், சன்னல்களை அளந்தார். பிறகு கேட்டார்:

"ஐயா, தங்குறவங்ககிட்டே காசு வாங்குறீங்களா?"

"கேட்பதில்லை."

"கேட்பீங்களான்னு நான் கேக்கல. வாங்குறீங்களா?"

"அவர்கள் விருந்தினர்கள்."

அவர் தம் பையிலிருந்து இரண்டு பாரங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, தங்கும் விடுதி நடத்த லைசென்ஸ் கேட்கும் விண்ணப்பம். கட்டணம் கட்ட வேண்டும். அறைக் கட்டணங்களை எழுதிய பலகையைத் தெருவாசலில், வீட்டுக்காரர் பெயரோடு, மாட்ட வேண்டும். மற்றொன்று, பணம் பெறுவதில்லை என்ற உறுதிமொழி. அதில் வீட்டில் வசிக்கும் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.

நான் இரண்டாவது பாரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பேனாவைத் திறந்து பெயரையும் எழுதிவிட்டேன். வாசலில், என் பெயருக்குக் கீழே, இத்தனை காசு என்று எழுதிய பலகையைக் கப்பல் கப்பலாக வரும் நம் பக்கத்தார் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அதியமான்கோட்டையில் சோறு போட்டவரின் மகன் பினாங்கில் சோறு விற்கிறான் என்ற வார்த்தை மொரப்பூர் ரயிலைவிட வேகமாகப் போகும்.

கமலத்தை அழைத்தேன். அவள் பாரத்தை முழுவதும் படித்தாள்.

"நான் போட மாட்டேன் அப்பா."

"அந்நியர் முன்னிலையில் என்ன பேச்சு இது?"

"பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கறது? காசு வாங்கறோம். நான்தான் தட்டைக் காலி பண்றேன்." பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "வாங்கறோம் சார்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்து அதன் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாதக் கடைசி வரைக்கும் யோசிச்சு ரெண்டுல ஒண்ணக் குடுங்க ஐயா. அதுவரைக்கும் நான் எதுவும் எழுதல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மகளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே கணக்குப் போட்டேன். லைசென்ஸ் எடுக்காவிட்டால் யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. யாரையும் வைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த குத்தகைக்கு வீட்டை விட வேண்டும். கமலத்தின் சம்பளத்தில் மூவரும் ஓர் ஒற்றை அறையில் குடியிருக்க வேண்டும். பலகை எழுதுகிறவரிடம் போனேன். 'படுக்கை, இருவேளை உணவு: ஒரு நாளைக்கு ஒருவருக்கு எழுபது காசு. துணிக்கூலி: ஒருமுறைக்குப் பதினைந்து காசு.' மேலே என் பெயர். அதைத் துணியால் மூடி எடுத்து வந்து மாடியில் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். எழுதுவது என்னால் முடிந்தது. மாட்டுவது முடியவில்லை. அந்த நிலையில்தான் சிற்றப்பா மகனின் கடிதம் வந்தது.

6

கப்பல் வியாழக்கிழமை வந்தது. நான் காலை ஐந்து மணியிலிருந்து தயாராக இருந்தேன். கந்தம்மாள் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். கணவர் மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஊரில் நின்றுவிட்டாராம். பின்னால் தம்பி, தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு. அந்தத் தம்பி இரண்டு நாளில் பேசிய வார்த்தைகளை விரலால் எண்ணிவிடலாம்.

"கும்புடறனுங்கண்ணா. கடத்தூருங்க. உங்க சித்தப்பா மவன்தான் அனுப்பி வெச்சாரு."

காபி வந்தது. குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்தார்கள். மாடிக்குப் போகும் வழியைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் ராசம்மாளும், சன்னலோரம் கமலமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒரு விஷயம் தெரிவிக்க வேண்டும். இந்த வீட்டில் தங்குவதற்குக் கட்டணம் உண்டு" என்றேன்.

"என்னங்க உண்டு?"

"காசு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எழுபது காசு, உணவு சேர்த்து. துணிக்கூலி ஒருமுறைக்குப் பதினைந்து காசு."

சொல்லிவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளில் நம் பக்கத்து மனிதர் ஒருவரிடம் நான் பணம் கேட்டது அதுவே முதன்முறை. கந்தம்மாள் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"துணிக்கூலின்னா என்னங்கண்ணா?"

"துப்பட்டியும் தலையணை உறையும் சலவை செய்வதற்கு."

"எங்ககிட்ட துப்பட்டி இருக்குதுங்களே. உங்களுத மடிச்சு வெச்சுருங்க. பதனஞ்சு காசக் கழிச்சுக்குங்க."

"அது எல்லோருக்கும் பொதுவான விதி, அம்மா."

"துப்பட்டிக்கெல்லாம் விதிங்களா?"

"தலையணை உறைக்கும் சேர்த்து..."

"தலகாணியே வேண்டாங்க. இவன் மூட்டைல தலைய வெச்சாத்தான் தூங்குவான். ஏன்டா?" தம்பி தலையசைத்தார். "பாத்துக்குங்க. எனக்குக் கையே போதும்."

கடத்தூர்ச் சந்தையில் மிளகாய் வாங்குகிற குரல் அது. அதற்குக் கல்லூரித் தமிழில் பதில் சொல்ல முடியாது என்பதை அப்போது உணர்ந்தேன்.

"ஏனுங்க ஆத்தா, ஏழு நாளு கப்பல்ல உருண்ட துப்பட்டிய எங்கட்டில்ல விரிச்சா கட்டிலு நாறாதுங்களா? அப்பறம் கட்டிலத் தொவைக்கறதுக்கு யாருங்க கூலி குடுக்கறது?" என்றேன்.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கமலம், தன் தகப்பன் இப்படிப் பேசி அதுவரை கேட்டதே இல்லை.

"அப்புடிக் கேளுங்க! இப்பத்தான் நம்மூரு ஆளு மாதிரி இருக்குது" என்றார் கந்தம்மாள். "ரெண்டு பேத்துக்கும் சேத்து இருவது காசுங்க. அதுக்கு மேல போனா நான் துறைமுகத்துலயே படுத்துக்குவன்."

"சரிங்க, இருபது."

"அப்பா, பலகையில ஒருத்தருக்குப் பதினஞ்சுன்னு இருக்கு" என்றாள் கமலம்.

"பலகையை இன்னும் மாட்டவில்லை" என்றேன்.

கந்தம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். "காசுன்னு சொன்னது நல்லதாப் போச்சுங்கண்ணா. சும்மான்னா ரெண்டாந்தரம் சோறு கேக்க வாய் கூசும். இவன் மூணுதரம் திம்பான்" என்றார். பிறகு, "அடடா, மறந்தே போச்சு" என்று பெட்டியைத் திறந்து, சாக்குத் துணியில் சுற்றிய ஒரு சிப்பம் புளியை எடுத்து நீட்டினார். "பாலக்கோட்டுப் புளிக்காரரு குடுத்தாருங்க. உங்க கைல மட்டும்தான் குடுக்கோணும்னாரு. நான் பொறப்படற அன்னிக்கி விடியால ஓடியாந்து குடுத்துட்டு, நிக்கக்கூட இல்லீங்க."

மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். புளிக்கு நடுவில் எண்ணெய்க் காகிதத்தில் மடித்த இரண்டு வெள்ளி நோட்டுகள். கூடவே ஒரு சீட்டு:

"அண்ணாவுக்கு வணக்கம். சேலத்தில் ஒரு துணி வியாபாரியைக் கண்டேன். உங்கள் வீட்டில் தங்கியவராம். தட்டில் வாடகை வைக்கிற முறையைச் சொன்னார். நான் புறப்பட்ட அன்றைக்குத்தான் அவரும் புறப்பட்டது. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அதற்குள் நாலு சந்தையிலும் சொல்லி முடித்துவிட்டேன். அது தவறென்று திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. நோட்டை மாற்றவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்."

அந்தச் சீட்டைப் பலமுறை படித்தேன். திருப்பிச் சொல்ல வாய் வராத மனிதர் அங்கே ஒருவர், இங்கே ஒருவர். அவருக்குச் சந்தைக்குப் போகவே கூச்சமாக இருந்திருக்கும். குற்றம் அவருடையதன்று, தட்டை நீட்டியவன் நான், வெற்றிலையால் மூடி வைத்தவனும் நான். எனக்கு எழுதத் தெரியும் என்பதனால், திருப்பிச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

பலகையைத் திருப்பினேன். தூசி தட்டினேன். கமலம் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தாள். ஏணியைக் கந்தம்மாளின் தம்பி பிடித்துக்கொண்டார். கோணலாக இருக்கிறதா என்று கேட்டேன். "நேராத்தானுங்க இருக்குது" என்றார். அவர் பேசியவற்றுள் அது மிக நீண்ட வாக்கியம். மறுநாள் விண்ணப்பத்தைக் கட்டணத்தோடு நகரசபையில் கொடுத்தேன்.

ஆகவே நம் பக்கத்தார்க்குத் தெரிவிப்பது: என் வீட்டில் தங்கலாம். கட்டணம் பலகையில் உள்ளபடி. துணிக்கூலி இனி யாருக்கும் குறைக்கப்படாது. கந்தம்மாளுக்குக் குறைத்தது பலகை மாட்டுவதற்கு முந்தைய உடன்படிக்கை. தட்டில் பணம் வைக்க வேண்டாம்; கமலத்திடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்க. ஊரில் இதைப் பற்றி என்ன பேசுவார்கள் என்ற நினைப்பு இன்னும் என்னை மாடியும் கீழுமாக நடக்க வைக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவே.

சனிக்கிழமை காலை அவர்கள் ஈப்போ ரயிலுக்குப் புறப்பட்டார்கள். பணம் முன்னமே கொடுத்தாகிவிட்டது. நான் வெற்றிலைத் தட்டை எடுத்தேன். இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு. என் கை, பழக்கத்தில், சட்டைப்பையை நோக்கிப் போயிற்று. அதை இழுத்துக்கொண்டேன். தகப்பனார் சொன்னது காதில் கேட்டது. வெறும் வெற்றிலையை இரு கைகளாலும் நீட்டினேன்.

கந்தம்மாள் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரில் கேட்டிருந்தவர் அல்லவா, வெற்றிலையைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்களேண்ணா."

"இல்லீங்க ஆத்தா."

"அப்பச் சரி. திரும்பிப் போறப்பவும் இங்கயே வந்து தங்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.